வண்டிக்குப் போக மிச்சத் தண்ணீர்

எங்கள் குவார்ட்டர்ஸில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். கோடையில் அது நான்காகும், கேட்பதற்கு ஆளில்லாவிட்டால் ஐந்தும் ஆகும். சுற்றிக் கடலை வைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊர் போர்ட் பிளேர். விடியும் நேரத்தில் குழாய் முதலில் காற்றாக இருமும், அப்புறம் தண்ணீர் விழும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஹோஸ் பைப்பின் வாய் முதலில் எங்கே போக வேண்டும் என்பதில்தான் என் கல்யாண வாழ்க்கையின் முக்கால்வாசிச் சண்டைகள் நடந்தன.

முதலில் அது ஷெட்டில் நின்ற நீல டிரம்முக்குப் போகும். நீல டிரம் வண்டிக்கு உரியது. அது நிறைந்த பிறகுதான் சமையலறை, குளியலறை, பிள்ளை, கடைசியாக நான். நான் வாசலில் அரிசி களைந்துகொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருப்பேன். டிரம் நிறைய நிறையத் தண்ணீரின் சத்தம் மாறும். "இந்தாங்க, நீல டிரம் நெறைஞ்சிட்டு" என்று கத்துவேன். அவர் வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்து பைப்பை வீட்டுக்குள் இழுத்துப் போடுவார். ஒருநாள் எனக்கு அவசரம், நீல டிரம்மிலிருந்து ஒரு வாளி மொண்டு குளித்துவிட்டேன். மனுஷன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. யாருக்கு நஷ்டம் என்று இருந்துவிட்டேன்.

வண்டி ஒரு வெள்ளை அம்பாசிடர். ஏதோ அரசு அலுவலகத்தில் ஓடித் தேய்ந்து, கழித்துக்கட்டப்பட்டு, புளியமரத்தடியில் கிடந்தது. ஏலத்தில் விட்டார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகப் பட்டறையில் மெக்கானிக். மற்றவர்கள் இரும்புக்கு விலை கேட்டபோது இவர் மட்டும் காருக்கு விலை கேட்டிருக்கிறார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை வைத்துக்கொண்டு காரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அதைச் சரிசெய்ய எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்கு வைக்கவில்லை. பையன் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது கதவு இல்லாமல் நின்றது. அவன் கல்லூரிக்குச் சென்னை போனபோது அதில்தான் துறைமுகத்துக்குப் போனான். இங்கே ஒரு சாமானும் கிடைக்காது, எல்லாம் மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் எங்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவரும் கையை வீசிக்கொண்டு வந்ததில்லை. என் நாத்தனார் தூத்துக்குடியிலிருந்து வந்தபோது பம்பரைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துவந்தாள். கப்பலில் பங்க் கிளாஸ் படுக்கையில் பம்பரைப் படுக்கவைத்துவிட்டுப் பிள்ளையைத் தரையில் போட்டிருக்கிறாள். அண்ணன் கோபம் அவளுக்குத் தெரியும். சீட்டுக்கு உறை தைத்தது நான். வீட்டிலிருந்தபடி யூனிஃபார்ம் தைப்பவள் நான், ரெக்சினைத் தைத்து எத்தனை ஊசி உடைந்தது என்று என் மெஷினுக்குத்தான் தெரியும்.

செய்து முடித்த பிறகு அதைக் காப்பாற்றுவது தனிப் பாடு. இந்த ஊரில் எந்த ரோட்டில் போனாலும் எங்காவது ஓரிடத்தில் கடல் பக்கத்தில் வந்துவிடும். அந்த ஈரக்காற்றில் வண்டியின் அடிவயிற்றில் உப்பு பிடிக்கும். பழைய என்ஜின் ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து அடியில் பூசி வைப்பார். அது போதாது. வெளியே போய் வந்தால் உடனே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போய்த் திரும்பினால் நான் பட்டுச்சேலையோடு டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர் சாக்கை விரித்துக் கீழே படுத்து, நீல டிரம்மில் ஒரு சின்ன மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் அடிப்பார். வண்டிக்குக் குளியல் முடிந்தால்தான் மனுஷருக்குக் காபி. குவார்ட்டர்ஸ் பெண்கள் அதை என் சக்களத்தி என்பார்கள். சக்களத்தியாக இருந்தால் சமையலுக்காவது உதவியிருப்பாள் என்பேன் நான்.

ஒரு வசதி இருந்தது. ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று யாரும் கதவைத் தட்டிக் கேட்க வேண்டியதில்லை. ஷெட்டில் வண்டி நின்றால் அவர் இருக்கிறார், ஷெட் காலியென்றால் வெளியே போயிருக்கிறார். தெருமுனைக்கு என்றாலும் அதில்தான் போவார். நானும் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துத்தான் இரண்டு டம்ளர் காபியா, ஒரு டம்ளரா என்று முடிவு செய்வேன்.

அன்றைக்கு எதற்காகவோ அவர் நடந்து போனார். மேட்டுக்குக் கீழே உள்ள கடையில் பால் வாங்க. திரும்பி ஏறி வரும்போது வளைவில் உட்கார்ந்திருக்கிறார், அப்படியே சாய்ந்திருக்கிறார். பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து என்னிடம் சொன்னபோது, "இல்லையே, பின்னால ஷெட்ல நிக்காவளே" என்றேன். வண்டி நின்றது. அதனால் அவர் இருந்தார். ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நான் அழவில்லை. ஊரிலிருந்து பிளேன் பிடித்து வந்த நாத்தனார் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "அழுதுருங்க மைனி, நெஞ்சுக்குள்ள வச்சிக்கிடாதிய" என்றாள். வைத்துக்கொள்ள ஒன்றும் இருந்தால்தானே. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்கும், அப்படி இருந்தது. அடக்கம் முடிந்தது, முப்பதாம் நாள் பூசை முடிந்தது. வந்தவர்களுக்குச் சாப்பாடு போதுமா என்று பார்த்தேன். கல்லு மனசுக்காரி என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. திருப்பிக் கேட்க எனக்கு வாய் உண்டு, அன்றைக்கு அதுவும் வரவில்லை.

அவர் பணியில் இருக்கும்போதே போனதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கொஞ்ச காலம் கொடுத்தார்கள், அப்புறம் மே மாதக் கடைசி என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். குட்வில் எஸ்டேட்டில் ஒரு மாடிப் போர்ஷன் பார்த்தேன். இரண்டு அறை, தையல் மெஷினுக்கு ஜன்னல் வெளிச்சம், எனக்குப் போதும். கார் நிறுத்தக் கூரை இல்லை. தெருவில் நிறுத்தலாம், ஆனால் மே கடைசியில் மழை பிடித்தால் வருஷக் கடைசிவரை விடாது. இங்கே கூரையில்லாமல் ஒரு மழைக்காலம் நின்ற வண்டியை அடுத்த வருஷம் அள்ளித்தான் எடுக்க வேண்டும்.

அதற்குள் விற்றாக வேண்டும் என்று பையன் போனில் சொன்னான். அவனுக்குச் சென்னையில் அபார்ட்மெண்ட், ஸ்கூட்டருக்கே இடமில்லை. ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றும் வேலையைப் பட்டறைக்காரர்கள் நடந்து முடித்துக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்து அனுப்பினேன், பையன் இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழைய பீரோவை விற்பதுபோலத்தான் இருந்தது. தண்ணீர் நாளில் மட்டும் நீல டிரம்மை நிரப்பினேன், சத்தம் போடாமல் நானே பைப்பை மாற்றிப் போட்டேன். அதோடு வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் செய்வேன். ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் பண்ணத் தெரியும். ஒருநாள் அப்படி என்ஜின் ஓடும் சத்தம் கேட்டு, விஷயம் தெரியாத ஒரு கேஸ் சிலிண்டர்காரர் வேலிக்கு வெளியே நின்று, "சாப் ஹைங் க்யா?", ஐயா இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார். ஸ்விட்சை அணைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

முதலில் வந்தவர் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டின் மேனேஜர். காலைப் படகில் வந்தார். பூப்போட்ட சட்டை, சென்னைத் தமிழ். வண்டியைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார், பானெட்டைத் திறக்கவே இல்லை. நான் ஸ்டார்ட் செய்து காட்டட்டுமா என்று கேட்டேன்.

"தேவையில்ல மேடம். ஓட வேணாம், நின்னாப் போதும். மஞ்ச பெயின்ட் அடிச்சு பீச்ல தென்னைமரத்தடியில நிறுத்திடுவோம். கெஸ்ட்டுங்க ஏறி உக்காந்து செல்ஃபி எடுப்பாங்க."

"கூரை போடுவீங்களா?"

"கூரை போட்டா போட்டோல கடல் வராதே மேடம்."

நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டித்தான் விலை சொன்னார். அன்றைக்கே முன்பணம் அனுப்புகிறேன் என்றார். எனக்கு அந்த வண்டிமேல் ஒரு பாசமும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் "குடுக்க மனசில்ல, தப்பா எடுத்துக்காதீங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். படகுக்கு நேரமாயிற்று என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பையனுக்குக் கோபம். "மம்மி, வித்ததுக்கு அப்புறம் அது மழையில நனைஞ்சா ஒங்களுக்கென்ன, வெயில்ல காய்ஞ்சா ஒங்களுக்கென்ன? மாசக் கடைசில எங்க கொண்டு நிப்பாட்டுவீங்க?" என்றான். சரியான கேள்விதான். எனக்கே எரிச்சலாக இருந்தது. உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் என் தண்ணீரைப் பிடுங்கி அதற்கு ஊற்றினார், போன பிறகும் என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். விளம்பரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கூரை உள்ளவர்கள் மட்டும் கூப்பிடவும். அவன் பெருமூச்சு விட்டான், ஆனால் போட்டான்.

அதற்கப்புறம் ஒருவரும் கூப்பிடவில்லை. மாதம் நகர்ந்தது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது. குவார்ட்டர்ஸ் பார்க்க அடுத்த குடும்பம் வந்து அறைகளை அளந்தது. வீட்டுக்காரி ஷெட்டை எட்டிப் பார்த்து, இங்கே ஆடு கட்டலாம் என்று புருஷனிடம் சொன்னாள். நான் மெஷினைத் துணியால் மூடிக் கட்டினேன், பாத்திரங்களைக் கட்டினேன். வண்டியைக் கட்ட முடியவில்லை. தெருவில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்று பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "தார்ப்பாய்க்குள்ளதான் சீக்கிரம் துருப் புடிக்கும் அக்கா" என்றார்.

வண்டூர் என்ற கடலோர ஊரிலிருந்து ஒருவர் அந்த நிலைமையில்தான் வந்தார். டூரிஸ்டு படகு வைத்திருந்தவர், பெரிய படகை விற்றுவிட்டார். அவருடைய தகப்பனார் காலத்திலேயே ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். நாற்பது வயது இருக்கும். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அவர் பானெட்டைத் திறந்து குனிந்தார், அந்தப் பெண் பின்சீட்டில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, காடி ஏக்தம் சாஃப், சுத்தமா இருக்கு. எங்கப்பா இதே மாரி ஒண்ண டாக்சியா ஓட்டுனாரு. நான் சின்னதுல அதுக்குள்ளதான் தூங்குவேன்" என்றார்.

"நிறுத்த எடம் இருக்கா?"

"போட் என்ஜின் வச்சிருந்த ஷெட் காலியா இருக்கு. பாக்குத் தோப்புக்கு உள்ள, கடல் தெரியாது. பக்கா ஷீட் போட்டது."

"தண்ணி?"

அவருக்குப் புரியவில்லை. "பானியா? ரேடியேட்டருக்கா?"

"ஒங்க வீட்டுத் தண்ணி. உப்பா?"

பின்சீட்டிலிருந்து மனைவி பதில் சொன்னாள். "கெணத்துத் தண்ணிக்கா. அதுலதான் பருப்பே வேகும். மார்ச்ல கூட வத்தாது."

பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்குச் சொத்து விசாரிப்பார்கள். நான் கிணறு விசாரித்துக்கொண்டிருந்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. சோக்கைப் பாதிதான் இழுக்க வேண்டும், முழுக்க இழுத்தால் அடைத்துக்கொள்ளும். இடதுபக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். மூன்றாம் கியரில் ஒரு முனகல் வரும், அது நோய் இல்லை, சுபாவம். சக்கர வளைவுக்குள்ளே ஒரு மடிப்பு உண்டு, உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும், கையை விட்டுத் தேய்க்க வேண்டும். ஆயிலையும் மண்ணெண்ணெயையும் எப்படிக் கலப்பது, எந்த மாதம் பூசுவது. சொல்லிக்கொண்டே போனேன். அவர் போனை எடுத்து எல்லாவற்றையும் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷம் டார்ச் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

"ஆன்ட்டி நீங்க மெக்கானிக்கா?"

"நான் டெய்லர்" என்றேன்.

விலையில் இழுபறி இல்லை. ரிசார்ட்காரர் சொன்னதைவிடக் குறைவு, பையனிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பணமும் பேப்பருமாக வந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். எடுத்துப் போவதற்கு முன்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று பீச் ரோடு பக்கம் போனார்கள். அன்று கடல் கொஞ்சம் கொந்தளிப்பு, சுவரில் அடித்துச் சாரல் ரோட்டில் விழுந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து நிறுத்தியதும் சாவியை எனக்குக் காட்டி, "டீக் ஹை ஆன்ட்டி, கிளம்புறோம்" என்றார்.

நான் அதற்குள் சாக்கை விரித்திருந்தேன். நீல டிரம்மிலிருந்து மோட்டாரைப் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கர வளைவில் தண்ணீர் அடித்தேன். முன்னால், பின்னால், அடியில். டிரம் தீர்ந்தது. வீட்டுக்குள்ளே போய்க் குளியலறை வாளிகளைத் தூக்கி வந்தேன், சமையலறை அண்டாவையும். வண்டூர்க்காரர் முதலில் தடுத்தார், அப்புறம் வந்து ஒரு பக்கம் தூக்கினார். கடைசி வாளி ஊற்றும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆன்ட்டி, பூரா ரோடும் கடலோரமாத்தான் வீட்டுக்குப் போகணும். அங்க போயி மறுபடி கழுவத்தான செய்யணும்?"

ஆமாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் இறங்கி வந்து என் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். "நாங்க போன ஒடனே கழுவிட்டு ஒங்களுக்குப் போன் போடுதேன்க்கா" என்றாள். அதன்படியே சாயங்காலம் போன் செய்தாள். கழுவிவிட்டோம் என்றாள். சரி என்றேன். அன்று சமைக்கத் தண்ணீரில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவிடம் ஒரு குடம் கடன் வாங்கினேன். ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

அதற்கடுத்த தண்ணீர் நாள் காலை. குழாய் இருமிய சத்தத்தில் எழுந்தேன். ஜன்னல் வழியாக வழக்கம்போல ஒரு பார்வை. ஷெட் காலியாக இருந்தது. ஒரு டம்ளர் காபி போதும், அவர் வெளியே போயிருக்கிறார்.

நினைத்தேன் என்று சொல்ல முடியாது. நினைக்கவில்லை, என் கைகால் அப்படி நடந்துகொண்டது. அவர் செத்து இத்தனை மாதமும் வண்டி ஷெட்டில் நின்றது. ஆள் இல்லாமல் வண்டி நிற்பதற்கு அர்த்தம் எனக்கு அதற்குமுன் தெரியாது, அதனால்தான் அத்தனை மாதமும் எனக்கு ஒன்றும் விளங்காமல் இருந்தது. ஆனால் காலி ஷெட்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கிளம்பிப் போயிருக்கிறார், பீச் ரோடு வழியாகத்தான் வருவார், வந்து நிறுத்தியதும் தண்ணீர் கேட்பார். பைப்பை இழுத்து நீல டிரம்முக்குள் போட்டேன். வாசலில் உட்கார்ந்து அரிசி களைந்தேன். சத்தம் மாறியது.

"இந்தாங்க, நீல டிரம் நெறைஞ்சிட்டு" என்று கத்தினேன்.

யாரும் ஓடி வரவில்லை. தண்ணீர் டிரம் விளிம்பைத் தாண்டி, வண்டி நின்ற எண்ணெய்க் கறைமேல் பரவி, வாசல்வரை வந்து என் காலை நனைத்தது. இன்னொரு தடவை கத்தினேன். இரண்டாவது தடவை கத்தும்போது எனக்குத் தெரியும், தெரிந்தே கத்தினேன். பெங்காலி அம்மா வேலிப்பக்கம் வந்து, "பாபி, பானி ஜா ரஹா ஹை" என்று வழிந்தோடும் தண்ணீரைக் காட்டினாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து என் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் அழுதேன். ஊரிலிருந்து வந்தவர்கள் பார்க்க ஆசைப்பட்ட அழுகையெல்லாம் அன்று வந்தது, பார்க்கத்தான் அவர்கள் இல்லை. எனக்கு அவர் வேண்டியிருந்தது. வாயில் பேஸ்ட் நுரையோடு வந்து பைப்பை மாற்றிப் போட வேண்டியிருந்தது.

நான் ஓய்ந்தபோது குழாய் நின்றுபோயிருந்தது. வீட்டுப் பாத்திரங்களில் ஒரு சொட்டு ஏறவில்லை. ஷெட்டுக்குப் போய் நீல டிரம்மிலிருந்து ஒரு வாளி மொண்டு வந்தேன். கோபித்துக்கொள்ள யாருமில்லை. அதில் குளித்தேன்.